பதில் ஸலாம்

என் புருஷன் மசூர் நெத்தலி மாதிரி ஆள். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் மோட்டார் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தவரை அரபு நாட்டு விமானப்படைத் தளமொன்றுக்கு வேலைக்கு எடுத்ததே அந்த ஒல்லி உடம்புக்காகத்தான். பழைய போர் விமானங்களுக்குப் புது ஜெட் எஞ்சின் பூட்டிச் சோதிக்கிற இடம் அது. எஞ்சினை முடுக்குமுன், இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காற்றை உறிஞ்சும் குழாய்க்குள் விசிறித் தகடுகள்வரை தவழ்ந்துபோய்ப் பார்க்க வேண்டும். சின்ன ஆணி கிடந்தாலும் எஞ்சின் நாசம். வெளியே வந்து பெருவிரலை உயர்த்தினால், உள்ளே ஒன்றுமில்லை, ஓட்டலாம் என்று அர்த்தம்.

ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தாலும் ஸலாம் சொல்வது எங்கள் வழக்கம். இந்த மனுஷன் குழாய்க்கும் சொல்லியிருக்கிறார்!

போன நோன்புக்கு முந்திய மாதம் ஒருநாள் பதில் வந்தது. தகடுகளுக்குப் பின்னாலிருந்து, மெதுவாக, "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று. அங்கே ஒரு பூனை நுழையவும் இடமில்லை. இவர் பதறியடித்து வெளியே வந்து சோதனையை நிறுத்திவிட்டார். எஞ்சினையே கழற்றிப் பார்த்தார்கள். யாருமில்லை. இன்னொருமுறை இப்படி நிறுத்தினால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார் மேலதிகாரி.

அன்றிரவே போனில் இவர் எல்லாவற்றையும் சொன்னார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருக்கிற நேரம், வேலை போனால் என்ன கதி?

"இஞ்சாருங்க, ஜின்னுக்கு வேற இடமா இல்ல? நீங்க ஸலாம் சொன்னாத்தானே பதில் வரும்? சொல்லாமப் போங்களேன்."

"அதுவும் சரிதான் புள்ள" என்றார்.

மறுநாள் வாயே திறக்காமல் உள்ளே போயிருக்கிறார். டோர்ச் அடித்துப் பார்த்தார், ஒவ்வொரு தகடாகக் கையால் தடவினார். எல்லாம் சுத்தம். பின்பக்கமாகவே ஊர்ந்து வரும்போது, இருட்டுக்குள்ளிருந்து அதே குரல் முந்திக்கொண்டு ஸலாம் சொன்னது.

அந்த எஞ்சின் சோதனையில் தேறிவிட்டது. ஒரு குறையும் சொல்ல முடியாதாம். இவர்தான் அடுத்த கிழமையே வேலையை விட்டுவிட்டு வந்து, சோறு தண்ணியில்லாமல் சுருண்டு கிடந்தார். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஸலாத்துக்குப் பதில் சொல்லாட்டிக் குத்தமாச்சே. சொன்னீங்களா?"

"சொன்னன் புள்ள. சொல்லிட்டு வெளிய வந்து, உள்ள ஒத்தருமில்ல எண்டு விரலத் தூக்கிக் காட்டினன்."