உதடு சேராத மொழி

உதடு ஒட்டவில்லை. மேலுதட்டை இரண்டு விரலால் கீழே இழுத்துப் பிடித்தாள் அம்புஜம். இப்பச் சொல்லுங்க பார்க்கலாம் என்றாள். காற்றுதான் வந்தது, கூடவே எச்சில். சென்னகிருஷ்ணன் மனைவியின் கையைத் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கவாதத்தில் போன கால் தேறிவிட்டது. கை பாதி தேறியது. வாய்தான் ஒரு பக்கம் தொங்கிப்போய், பகரமும் மகரமும் நின்றுவிட்டன. அம்மணி என்று அவளைக் கூப்பிட முடியவில்லை. வந்துரும் அங்கிள், நாளாகும் என்கிறாள் பேச்சுப் பயிற்சிக்கு வரும் மானசா. போத்தனூரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்து, கல்லாவில் உட்கார்ந்தபடியே தெருவை வம்புக்கு இழுத்தவர் அவர். கோணலாகப் பேசுவதற்குப் பேசாமலிருப்பது மேல் என்று நிறுத்திக்கொண்டார்.

அவளுக்கு அவர் பேச வேண்டும். எந்தப் பேச்சானாலும் சரி.

கல்யாணமாகி வந்த புதிதில் கூட்டுக் குடும்பம். உள்ளே தெலுங்கு, வெளியே தமிழ். தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மாமியாருக்கு இரண்டிலும் காது கூர்மை. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள வேறு பாஷை வேண்டியிருந்தது, செய்துகொண்டார்கள். தண்ணீருக்குப் பெமி என்பது அப்போது வைத்ததுதான். தனி வீடு வந்த பிறகும் விடவில்லை. குழந்தை இல்லாத வீட்டில் பாஷை கிளைவிட்டது. சத்தியமங்கலத்துக்காரி அவள் இழுத்துப் பேசியது மலைமொழி, அவர் கடித்துப் பேசியது சமவெளிமொழி, பழையது இரண்டுக்கும் தாய்.

"அதுக்கு ரெண்டு புள்ளை. நம்மளைக் காட்டிலும் தேவலை" என்பார்.

எந்தச் சத்தம் எதுவாக மாறும் என்று சட்டம் போடுவது அவர்தான். ஒரு தீபாவளிக்குச் சமவெளியில் ழகரம் யகரமாகிவிட்டது என்று அறிவித்தார். ழகரம் அவளுக்குப் பிடித்த சத்தம். ஒரே ஒரு சொல்லிலாவது விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். போன சத்தம் திரும்பாது, திரும்பினால் அது பாஷையில்லை, விளையாட்டு என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவளும் திருப்பியதில்லை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நிற்கும்போது அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தண்ணீர் டம்ளரோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். முகம் பூரித்திருந்தது.

"ஏனுங்க, சமவெளிக்காரங்க கொஞ்சப் பேரு பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் குடி போயிட்டாங்க. அங்க காத்து சாஸ்தி. வாயை மூடிப் பேச முடியலைங்க. பகரம் ஹகரமாயிருச்சு, மகரம் னகரமாயிருச்சு. பெமிங்கறது இப்ப ஹெனி. ஹெனி குடிக்கறீங்களா?"

அவர் திரும்பினார். கடையில் புதுச் சரக்கைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி புருவம் உயர்ந்தது. வாய் சத்தமில்லாமல் அசைந்தது. சொற்களை மாற்றிப் பார்க்கிறார் என்று நினைத்து அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். அவர் தேடியது உதடு வேண்டாத சொற்களை. அவை தெலுங்கில் கிடைத்தன.

"இங்க ராதா?"

போன சத்தம் இனி வராதா என்று கேட்டார்.

என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுங்க என்றாள். சட்டத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னாள். கணவாய்க்கு யாருமே போகவில்லை என்றும் சொன்னாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். டம்ளரை வாங்கிக் குடித்தார். பாதி சட்டையில் ஒழுகியது. அவள் முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்தாள், கண்ணைத் துடைக்க அவர் விடவில்லை.

மறுநாள் காலையில் மானசா வந்து, வாயசைவைப் பார்த்துப் பழக அவர் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை. இனி வர வேண்டாம் என்று கையால் காட்டினார். அம்புஜம் கேட் வரைக்கும் போய் அவளை அனுப்பிவிட்டு வந்தாள். சாதத்தைக் குழைய வடித்தாள். சாப்பாட்டின்போது அவர் ஹெனி என்றார், எடுத்துக் கொடுத்தாள். மத்தியானம் கரண்ட் போயிற்று. கடையைப் பார்த்துக்கொள்ளும் ரசாக் வந்து ஏதோ பேரிங் விலை கேட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் தூறல் போட்டது. கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தாள்.