சின்னமனூரைத் தாண்டிய படம்

கம்பத்திலிருந்து தேனி வழியாகப் போகும் காலை பஸ்ஸில், மூக்கு நுனியில் கண்ணாடியும் மடியில் சாப்பாட்டுப் பையுமாக போனில் படம் பார்ப்பார் சின்னமனூர் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். விருது விழா நெருங்கிவிட்டால் போட்டியில் இருக்கும் படங்கள் மட்டும்தான்.

"இந்த வருசம் எது ஜெயிக்கும் டீச்சர்?" என்று கேட்டேன்.

"எந்தப் படம் என்னைய சின்னமனூர்ல எறங்க விடலையோ, அதுதான் சார்."

மறுவாரம் சின்னமனூரில் கண்டக்டர் கத்தியும் அவர் நிமிரவில்லை. தேனி வந்த பிறகுதான் பதறி எழுந்தார்.

"இதுதான் சார்" என்று சொல்லிக்கொண்டே திரும்பும் பஸ்ஸுக்கு ஓடினார். பள்ளிக்கூடத்தில் அன்று நிச்சயம் ஏச்சு விழுந்திருக்கும்.

அந்தப் படம் தோற்றது. சும்மா இருக்க முடியாமல் ஏன் என்று கேட்டுவிட்டேன்.

"பரிசு குடுக்குறவுக வீட்டுல உக்காந்து பாத்திருப்பாக சார். எறங்குற எடம்னு ஒண்ணு இருந்தாத்தான தெரியும்?"

இப்போது நானும் பஸ்ஸில்தான் படம் பார்க்கிறேன். இதுவரை என் ஸ்டாப்பில் சரியாக இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.