கோடு மேலே இருக்க வேண்டும்

வீட்டில் பாம்பு வளர்க்கிறேன் என்று தெரிந்தால் திண்டுக்கல்லில் எல்லோரும் முதலில் கேட்பது, பால் ஊற்றுவீர்களா என்பதுதான். பாம்பு பால் குடிக்காது, எலி தின்னும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. என்னிடம் இருப்பவை ஆப்பிரிக்கக் குட்டை மலைப்பாம்புகள், ஆணும் பெண்ணுமாக இரண்டு. விஷம் கிடையாது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். முறையாகப் பதிவு செய்து வாங்கிய சான்றிதழ் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினால், "சரி, வெள்ளிக்கிழமையாச்சும் ஊத்துவீகளா?" என்பார்கள்.

இவர்களிடமாவது சிரித்துவிட்டுப் போகலாம். என் அக்கா வேறு ரகம். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அதுகளப் பொட்டிக்குள்ள அடைச்சு வச்சுக்கிட்டு, ஒனக்கு எங்கிட்டுப் பிள்ளை தங்கும்?" என்று ஒரு பொங்கலன்று என் மனைவியை வைத்துக்கொண்டே கேட்டாள். நான் சிரித்தேன். சிரித்ததே பதில் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி சிரிக்கவில்லை.

அவள் பழனிப் பக்கம் கீரனூர்க்காரி. பாம்புகள் இருக்கும் பின்னறைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. உண்மையைச் சொன்னால், அந்த அறை எனக்கு மட்டும் என்பதில் ஒரு திமிர் இருந்தது. ஆரம்பத்தில் ஏதாவது கேட்பாள். ஒனக்குப் புரியாது என்று சொல்லி வாயை அடைத்திருக்கிறேன்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. காற்று உலர்ந்தால் நூல் அறுந்துபோகும். அறுந்துபோகாத அளவுக்கு ஈரத்தை வைத்திருப்பது என் பொறுப்பு. அதனால் முட்டை பொரிக்க வைக்கும் பெட்டியை நானே செய்தேன். தெர்மோகோல் பெட்டி, சூடாக்கும் ஒயர், அடியில் நனைத்த தேங்காய் நார்த்தூள். நாலு வருஷம் காத்திருந்து ஒரு தை மாதம் ஆறு முட்டைகள் கிடைத்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமுன் பிரித்து, ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

அந்தக் கோடு எப்போதும் மேலேயே இருக்க வேண்டும். இட்ட ஓரிரு நாளில் கரு மேல் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முட்டையைப் புரட்டினால் உள்ளேயே செத்துவிடும். பாம்பு வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பக்கம் பக்கமாக எழுதினேன். முகம் தெரியாத நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மறு வாரமே மில்லின் கோயம்புத்தூர் யூனிட்டுக்குப் பத்து நாள் போகச் சொன்னார்கள். மனைவியிடம் நான் சொன்னது ஒன்றுதான்: அறைக்கு வெளியே சூடு காட்டும் மீட்டரை மாட்டியிருக்கிறேன், முப்பத்தொன்றுக்குக் கீழே இறங்கினால் போன் பண்ணு.

திரும்பி வந்த அன்று அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, முட்டையெல்லாம் ஒழுங்காத் திருப்பி விட்டேனுங்க. காலைல ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா. ஒரு நேரங்கூடத் தவறலைங்க."

பிசைந்த கை அப்படியே நின்றது. கீரனூரில் அவர்கள் வீட்டில் நாட்டுக்கோழி முட்டையைப் பெட்டியில் வைத்துத்தான் பொரிக்கிறார்கள். அங்கேயும் பென்சில் கோடு உண்டு. காலையில் கோடு மேலே, சாயங்காலம் கோடு கீழே. திருப்பாவிட்டால் கோழிக்குஞ்சு ஓட்டோடு ஒட்டிச் செத்துப்போகும். நான் திருப்ப மறந்து ஊருக்குப் போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறாள். காலையில் குளித்துவிட்டு, பாம்புகள் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய் வந்திருக்கிறாள். இதெல்லாம் அவளே சொன்னது. "இதுக நல்லபடியாப் பொரிச்சா, நம்மளையும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்லங்க" என்றும் சொன்னாள்.

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"ஒங் கை பட்டா எதுதான்டி வெளங்கும்?"

முட்டையைப் பற்றித்தான் சொன்னேன். ஆண்டவன் சத்தியமாக முட்டையைப் பற்றித்தான். ஆனால் எட்டு வருஷமாகப் பிள்ளையில்லாத வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று தெரியாத மடையனா நான்? அவள் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

அடுத்த சில வாரங்களில் ஐந்து முட்டைகள் பூஞ்சை பிடித்துக் குழி விழுந்து போயின. ஒன்று மட்டும் பொரிந்தது. ஓட்டைக் கிழித்துத் தலையை மட்டும் வெளியே நீட்டி, ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்து, பிறகு வெளியே வந்தது. ஒரு வாரத்தில் சட்டை உரித்தது. எலிக்குஞ்சைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்து வாரம் பட்டினி. ஒரு நாள் சட்டென்று பாய்ந்து பிடித்துச் சுற்றியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படிக்கு ஓடி, சாப்பிட்டுவிட்டது என்றேன். "சரிங்க" என்றாள், வெஞ்சனத்தைக் கிளறிக்கொண்டே.

அவள் கை பத்து நாள் பட்டும் பொரிந்த குட்டி அது. அதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பாழாய்ப்போன வீம்பு விடவில்லை. பல மாதம் கழித்து, கீரனூருக்குப் போகிற பஸ்ஸில், ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அதை அப்பவே மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறு தையில் ஐந்து முட்டைகள். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம்தான் வரும். இன்வெர்ட்டர் பேட்டரி படுத்துவிட்டிருந்தது. மலைக்காற்று சில்லென்று அடிக்கிற நாள். மில்லிலிருந்து அவளுக்குப் போன் செய்தேன். பாட்டில்களில் வெந்நீர் பிடித்துத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வை, முட்டையை மட்டும் தொடாதே என்றேன். சரிங்க என்றாள்.

பர்மிஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர மதியம் இரண்டு மணியாகிவிட்டது. பின்னறைக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசற்படிக்கு வெளியே ஆறு பாட்டில்கள், ஒவ்வொன்றும் ஒரு துண்டில் சுற்றி, வரிசையாக நின்றன. தொட்டுப் பார்த்தேன். இரண்டு வெதுவெதுப்பாக இருந்தன, மற்றவை ஆறிவிட்டன. அடுப்பில் இன்னொரு பானை தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். உள்ளே ஒன்றுகூடப் போகவில்லை.

அவள் முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் தயாரா வச்சிருக்கறனுங்க. உள்ள மட்டும் நீங்க வச்சுக்கோங்க. என் கை படக்கூடாதுல்லங்க."

முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தும் பொரிந்தன. அன்றைக்கு நான் அந்தப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தேன். அவள் படிக்கு வெளியிலேயே நின்று, ஆறிப்போனவற்றை எடுத்து மறுபடி வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.