முதலில் திறந்த பக்கம்

எங்கள் வீட்டில் எந்த முடிவானாலும் என் கணவர் ஜெபித்துவிட்டு, கண்ணை மூடியபடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பார். விரல் பட்ட வசனம்தான் ஆண்டவரின் பதில். செஞ்சியில் இந்த வீட்டை வாங்கியதும் அப்படித்தான்.

மகன் விரும்பிய வல்லத்துப் பெண் எங்கள் சபைக்கே வருகிறவள். ஆனால் வேறு சாதி. அன்றும் இவர் விரல் வைத்தார். ரூத்தின் புத்தகம் வந்தது. வேறு இனத்திலிருந்து வந்த மருமகள், மாமியாரை விட்டுப் பிரியமாட்டேன் என்று சொல்லும் இடம். எனக்கு மெய்சிலிர்த்தது.

அவர் முகம் சுண்டிப்போனது. "நான் சரியா ஜெபிக்கல" என்று மூடிவிட்டு மறுபடி திறந்தார். ஏதோ வம்ச வரலாறு வந்தது. மறுபடியும் திறந்தார். கடைசியில், அந்நியரோடு சம்பந்தம் கலக்காதே என்ற வசனம் அகப்பட்டது.

"பாத்தியா, கர்த்தர் பேசிட்டாரு!"

"அப்ப மொதல்ல பேசுனது யாருங்க?" என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும்? சோத்தப் போடு."

போட்டேன். வசனத்தின் மேல் வைத்த அதே விரலால் அவர் குழம்பைப் பிசைந்து நக்கினார்.

வேதத்தை இப்போதும் நம்புகிறேன். ஆண்டவர் முதல் தடவையே பேசிவிட்டார். அதை நம்பித்தான் மகன் கல்யாணத்துக்கு நான் மட்டும் வல்லத்துக்கு பஸ் ஏறினேன்.