வாஷ் டெஸ்டுக்குப் போன படிகங்கள்

உலோக அணுக்களை லிகண்ட் என்ற மூலக்கூறுகளால் கோத்து வலை பின்னுவதுதான் என் ஆராய்ச்சி. உலோகம் முடிச்சு, லிகண்ட் நூல். நூல் நேராக இருந்தால் சங்கிலி கிடைக்கும், மூன்று கை இருந்தால் விரிப்பு, வளைந்திருந்தால் சில நேரம் வளையமாக மூடிக்கொண்டு மானத்தை வாங்கும். வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் என் மாமாவிடம் இப்படித்தான் விளக்கினேன். விளக்கியிருக்கவே கூடாது.

"அப்ப நெட்டுத் துணின்னு சொல்லு கண்ணு" என்றார்.

துணி இல்லை மாமா, கண்ணுக்கே தெரியாத வலை என்றேன்.

"அத்தன நைஸா?"

கடுப்பில் பையிலிருந்த குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மூன்று கை லிகண்டையும் செம்பையும் சேர்த்து, மாதக்கணக்கில் கெஞ்சி வளர்த்த நீலப் படிகங்கள்.

டீயும் ஊர்க்கதையும் முடிந்து திரும்பினால் குப்பியைக் காணோம். அந்தக் கம்பெனிக்குள் எந்தப் புது சாம்பிள் வந்தாலும் முதல் வேலை வாஷ் டெஸ்ட். யாரும் யாரையும் கேட்பதில்லை. என் படிகங்களை வெள்ளைப் பனியன் துணியில் பையாகத் தைத்து, சோப்போடு மெஷினில் சுற்றவிட்டிருந்தார்கள். தண்ணீர் பட்டாலே கரைகிற சரக்கு அது! நான் கத்திய கத்தலில் தையல் லைனே நின்றுவிட்டது. மெஷின் மட்டும் நிற்கவில்லை.

"பாதியில நிறுத்துனா ரிசல்ட் தப்பா வருமுங்க" என்றார் செக்கிங் பார்க்கும் அண்ணன்.

முடிந்ததும் ஈரப் பையைப் பிரித்து, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பை இளநீலமாகியிருந்தது.

"கலரு பிரமாதமுங்க" என்றார். "உள்ள வெச்ச நெட்டுத் துணியத்தான் காணோமுங்க."