கம்பிக்குக் கொடுத்த பணம்

எழுபதுகளின் கடைசி. பட்டறை வேலையை விட்டுவிட்டு, உத்திரமேரூரில் தனியாக, எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்ட ஆரம்பித்திருந்தேன். மானாம்பதியில் பயிர் வைத்திருந்த கன்னியம்மா, எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரை மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். செம்புக் கம்பி வாங்க முன்பணமும் கொடுத்தார்.

என் கைக்கு மொத்தமாக வந்த முதல் பணம் அது. தனியாகத் தொழில் செய்பவனுக்குச் சைக்கிள் வேண்டாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லி, அன்றைக்கே வாங்கிவிட்டேன். அடுத்த வேலைக்கு வரும் பணத்தில் கம்பி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு. அடுத்த வேலை வரவே இல்லை.

ஐந்தாம் நாள் கன்னியம்மா வந்தார். மோட்டார் பிரித்தது பிரித்தபடி கிடந்தது. பக்கத்தில் பளபளவென்று சைக்கிள்.

"பயிரு பால் புடிக்கிற நேரம் தம்பி. இந்த சைக்கிள கெணத்துல எறக்கினா தண்ணி ஏறுமா?"

சத்தம்கூடப் போடவில்லை. எனக்குத்தான் உடம்பு கூசியது. சைக்கிளை நஷ்டத்துக்கு விற்று, பற்றாத பணத்துக்குக் கைக்கடிகாரத்தை அடகு வைத்து, காஞ்சிபுரம் போய்க் கம்பி வாங்கிவந்து, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து காயில் கட்டினேன். மறுநாளே அவர் வயலில் தண்ணீர் பாய்ந்தது. பேசிய கூலியைக் குறைக்காமல் என் கையில் வைத்தார்.

"இதான் உன் துட்டு. இதுல இன்னா வேணா வாங்கிக்கோ."

அப்புறம் நான் சைக்கிளும் வாங்கினேன், ஸ்கூட்டரும் வாங்கினேன். எல்லாமே தண்ணீர் பாய்ந்த பிறகு வந்த பணத்தில்.