ஊர் காலியாக இருந்த இருபத்தேழு பேர்

2009இல் சுதாராணிக்கு முப்பத்தாறு வயது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். அம்மா அமிர்தவல்லி போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும், ஓர் ஆளுக்கு மட்டும் அரிசி போடக் கை பழகவில்லை. தினமும் சோறு மீந்தது.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்காக நடந்த சின்ன அறக்கட்டளை ஒன்றில் அவளுக்கு வேலை. அவளும் அப்படி வந்த குடும்பத்தில், கப்பல் இறங்கியவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் பிறந்தவள்தான். வீடு வீடாகப் போய், அங்கே இல்லாத சொந்தபந்தங்களைப் பற்றியும் கேட்டு எழுதி வந்த அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஆளுக்கு ஒரு வரிசை: பெயர், தகப்பன் பெயர், தோட்டம், வந்த வருடம், இப்போதைய ஊர், குறிப்பு. ஆறு வருடத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் பேரை ஏற்றியிருந்தாள். செயலாளர் ஞானவேல் வாரம் ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் அவளும் கம்ப்யூட்டரும்தான். சாயங்காலம் டீக்கடையில் டீ கேட்கும்போதுதான், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும்.

அந்த வருட ஆரம்பத்தில் அட்டவணை முழுவதையும் இணையத்தில் எங்கோ இருக்கும் சர்வருக்கு மாற்றினார்கள். செய்துகொடுத்த பிரதீப் பெங்களூர்க்காரர், போனில்தான் பழக்கம். வரிசை வரிசையாகப் படித்தால் நேரமாகும் என்று புத்தகத்துக்குப் பொருளடக்கம் போல ஊர்ப் பெயரை வைத்து ஓர் இன்டெக்ஸ் போட்டிருந்தார். 'எல்லோரும்' என்ற பொத்தானை அமுக்கினால் ஊர்வாரியாகப் பட்டியல் வரும். பெயர் தேடுவதும் அந்தப் பட்டியலுக்குள்தான்.

மார்ச் மாதம் மன்னவனூரிலிருந்து அழகையா வந்தார். அறுபது தாண்டியவர், கேரட் காட்டில் கூலி வேலை. கப்பல் மாறி வந்ததில் பிரிந்துபோன தங்கச்சியைத் தேடினார்.

"குப்பம்மாள்னு பேரு, தகப்பன் செல்லப்பாண்டி. நான் முன்னக் கப்பல்ல வந்துட்டேன். அவ புருசனோட பின்னாடி வந்தா. எந்தப் பக்கம் அனுப்புனாங்கன்னு தெரியல பிள்ளை."

சுதாராணி தேடினாள். "இல்லைங்க ஐயா."

ஜூலையில் மறுபடி வந்தார். மறுபடியும் இல்லை என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, மழையில் நனைந்த துண்டை வாசலில் பிழிந்துகொண்டு போனார்.

ஆகஸ்டில் வருட அறிக்கைக்காக எண்ணிக்கை எடுத்தபோது அவளுக்குச் சுருக்கென்றது. அட்டவணையில் 6,214 வரிசை. 'எல்லோரும்' பட்டியலில் 6,187. பிரதீப்புக்குப் போன் போட்டாள்.

"இருபத்தேழு பேர் குறையுறாங்க சார்."

"அவங்களுக்கு ஊர் போட்டிருக்கீங்களா மேடம்?"

"அட்டையிலயே ஊர் இல்லாதவங்களுக்குக் காலியா விட்டிருக்கேன்."

"அதான். ஊர் காலியா இருந்தா அந்த வரிசை இன்டெக்ஸ்லயே ஏறாது. அட்டவணையில பத்திரமா இருக்கும், தேடுனா வராது. முழுசா படிச்சாத்தான் உண்டு."

"இத முன்னாலேயே சொல்லக் கூடாதா சார்?"

"ஊர் இல்லாம ஆள் இருப்பாங்கன்னு நான் நினைக்கல மேடம்."

முழு அட்டவணையையும் படிக்கும் வழியை அவர் சொல்லச் சொல்லச் செய்தாள். இருபத்தேழு பெயரும் வந்தன. பதினொன்றாவது அவளுடையது. அந்த அட்டையை எழுதிய காலத்தில் அவளும் அம்மாவும் வீடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு போட்டுக்கலாம் என்று அம்மா விடச் சொன்னாள். இத்தனை மாதம் அவளை யாரும் தேடவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. கொடைக்கானல் என்று அடித்துவிட்டு, அடுத்த பெயர்களைப் பார்த்தாள்.

பத்தொன்பதாவது, குப்பம்மாள். தகப்பன் செல்லப்பாண்டி. குறிப்பு: ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பு வேலை.

மறுநாள் வெள்ளனே மன்னவனூர் பஸ் ஏறினாள். அழகையா காட்டில் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னாள்.

"ரெண்டு தடவையும் இல்லைன்னு சொன்னது என் தப்புங்க ஐயா. பேரு இருந்துச்சு. நான்தான் சரியாத் தேடல."

அவர் மண் கையை வேட்டியில் துடைத்தார். திட்டுவார் என்று நினைத்தாள்.

"உசிரோட இருக்காளா?"

"தெரியலைங்க. போய்ப் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மலைக்குக் கீழே இருந்த ஆயக்குடிக்குப் போய்த் தோப்புத் தோப்பாக விசாரித்தார்கள். நாலாவது தோப்பில், கொய்யாவைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி தலை நிமிர்ந்தாள். அழகையா ஓரடி முன்னால் வந்து நின்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, நீ முகாம்லயே செத்துட்டேன்னாங்களே" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரிந்து முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது. மலையிலிருந்து கேரட் கொண்டுவந்த பையை அவர் தங்கச்சி பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்துக் குப்பம்மாள் சுதாராணியைக் கேட்டாள். "நீ யாரு வீட்டுப் பிள்ளைம்மா? மத்தவங்கள்லாம் எங்க?"

"அம்மா மட்டும்தான் இருந்தாங்க. இப்ப இல்லை."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். கடைசி பஸ் போய்விடும் என்று பொய் சொல்லிக் கிளம்பினாள். மலைப்பாதையில் பனி இறங்கியது. பஸ் கொடைக்கானல் வரும்வரை அவள் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.

அழகையா தங்கச்சி வீட்டிலேயே தங்கிவிட்டார். மிச்சமிருந்த இருபத்தைந்து பேரையும் சுதாராணி ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்த் தேடினாள். அடுத்த கோடைக்குள் பதினெட்டுப் பேருக்கு ஊர் கிடைத்தது. மற்ற ஏழு பேர் கிடைக்கவில்லை. அந்த ஏழு வரிசையையும் அழித்துவிடலாம் என்றார் ஞானவேல்.

"வேணாம் சார்," என்றாள். "யாராவது கேட்டு வருவாங்க."